ஞானத்தகப்பன் பிடித்துக்கொடுத்த லோயர்

யாராவது ஒன்று கேட்டால் பேர்ணடெற் பதில் சொல்லாமல் விடமாட்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நம்பர் கொடுக்கிற வேலை அவளுக்கு. கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக வெட்டிய ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். டொக்டர் வந்துவிட்டாரா, இந்த மருந்து சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அந்தச் சிவப்பு மாத்திரை எதற்கு என்று ஓட்டை வழியே கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தமிழில் கேட்டால் தமிழில், சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் சொல்லுவாள். டொக்டர் வராத நாளில் வரமாட்டார் என்றே சொல்லிவிடுவாள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னால் ஆட்கள் காத்திருப்பார்களே என்று மருந்து கட்டுகிற பெண் குறைப்படுவாள். பேர்ணடெற்றுக்கு அது வராது. எதையாவது மறைக்கப் பார்த்தால் கழுத்தில் சிவப்பு ஏறும். கல்யாணம் முடித்த புதிதில் அதைக் கண்டுபிடித்தவன் கொன்ஸ்ரன்ரைன். உன்னை வைத்துக்கொண்டு ஒரு கறிவேப்பிலை கூடக் களவெடுக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தான்.

கொன்ஸ்ரன்ரைன் துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் கிளார்க். கப்பலில் வரும் கொன்ரெய்னருக்குச் சுங்கத்தில் அலைந்து, கையெழுத்துப் போட்டு, அதை வெளியே எடுத்து லொறியில் ஏற்றிவிடுவது அவன் வேலை. கொம்பனி கிளெமென்ற்றுடையது. கிளெமென்ற்றும் இதே கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்தான். பிறகு வெள்ளவத்தையில் கடல் தெரிகிற அடுக்குமாடியில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் பழைய கோயிலுக்கு வருவார். அவருக்கும் மனைவி றஞ்சிதத்துக்கும் பிள்ளைகள் இல்லை.

பேர்ணடெற்றின் மகள் ஷாமிலா பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு அவர்கள்தான் நின்றார்கள். குழந்தை றஞ்சிதத்தின் கையில். கிளெமென்ற் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குப் பதிலாகப் பிசாசை விட்டுவிடுகிறேன் என்று சாமியாருக்குச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் ஞானத்தகப்பனுக்கு ஒரு சொல் போகும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, குளியலறைக்கு ஓடு பதிப்பது, எல்லாம். அவர் எதையும் மறுத்ததில்லை. அனுமதி என்று யாரும் நினைத்துக் கேட்டதுமில்லை. சொல்லாமல் செய்தால் அது அவரைக் குறைத்த மாதிரி. அவ்வளவுதான்.

கொன்ஸ்ரன்ரைனைப் பிடித்த செய்தியும் அவரிடமிருந்துதான் வந்தது. டிஸ்பென்சரியில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம். கைபேசியில் கிளெமென்ற்றின் குரல் மெதுவாக இருந்தது. வெங்காயம் என்று வந்த ஒரு கொன்ரெய்னரைப் பொலிஸ் திறந்திருக்கிறார்கள். மூட்டைகளுக்கு நடுவே வேறு மூட்டைகள் இருந்திருக்கின்றன. ஐஸ் என்ற போதைப்பொருள் என்கிறார்கள். வெளியே எடுத்த கையெழுத்து கொன்ஸ்ரன்ரைனுடையது.

“நீங்கள் ஒண்டுக்கும் ஓடித்திரிய வேண்டாம் தங்கச்சி,” என்றார். “லோயர் பிடிச்சிட்டன்.”

அவள் ஓட்டை வழியே கையை நீட்டிக்கொண்டு நின்ற கிழவருக்கு அடுத்த நம்பரைக் கொடுத்தாள்.

பின்னேரம் கிளெமென்ற்றும் றஞ்சிதமும் தங்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஒழுங்கையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அப்படி ஒருவர் வந்து இறங்குவது பேர்ணடெற்றுக்குப் பலமாக இருந்தது. கிளெமென்ற் கதிரையில் உட்காராமல் நின்றபடியே பேசினார். அத்தபத்து என்ற சட்டத்தரணி, புதுக்கடை நீதிமன்றத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, இப்படியான வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். செலவைப் பற்றிக் கதைக்கவே கூடாது. றஞ்சிதம் உள்ளே போய் ஷாமிலாவின் உடுப்புகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். டிசம்பரில் பிள்ளைக்கு ஓ.எல். சோதனை. பொலிஸும் பத்திரிகைக்காரரும் வந்துபோகிற வீட்டில் அவள் எப்படிப் படிப்பாள்? வெள்ளவத்தையில் அறை சும்மாதான் கிடக்கிறது. ரியூஷனுக்கும் கிட்ட.

பேர்ணடெற் நன்றி சொன்னாள். தன் கையாலேயே மகளின் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தாள்.

வழக்கின் முதல் தவணை நாளில் நீதிமன்றத்தில் கொன்ஸ்ரன்ரைனைக் கண்டாள். சவரம் செய்யாத முகம். கூண்டுக்குள் வேறு பலரோடு நெருக்கி நின்றான். இலக்கம் வாசித்ததும் அத்தபத்து எழும்பினார். வெள்ளைத் தலை, உயரமான ஆள், குரல் மண்டபத்தின் பின்சுவர் வரைக்கும் போனது. பிணை கேட்கவில்லை. பெரிய அளவு ஐஸ் பிடிபட்ட வழக்கில் அந்த நீதிமன்றத்தில் பிணை கேட்டுப் பயனில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார். தன் கட்சிக்காரர் தன்னுடைய தவறை உணர்ந்திருக்கிறார், விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைப்பார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேர்ணடெற்றுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தவறு என்ற சொல்லில் நின்றுவிட்டாள்.

படிக்கட்டில் அத்தபத்துவைப் பிடித்து, எந்தத் தவறு என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். அது நீதிமன்றப் பேச்சு, நோனா பயப்பட வேண்டாம் என்றார். கொன்ஸ்ரன்ரைனிடம் என்ன கேட்டீர்கள், அவன் என்ன சொன்னான் என்று அவள் தொடர்ந்தாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எல்லாம் கிளெமென்ற் மஹத்தயாவுக்குச் சொல்லியிருக்கிறேன், அவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு லோயர் இருந்தார். இருமிக்கொண்டே சொன்னார்கள், இரத்தம் எடுக்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்கள். ஆனால் ஒன்றில் எல்லோருக்கும் ஒரே கருத்து. தமிழ் லோயரைப் போட்டுவிடாதே. தமிழ் லோயர் எழும்பினால் பொலிஸ் கேஸை வேறு விதமாகப் பார்ப்பான், பழைய கேஸ் எதனுடனாவது முடிச்சுப் போடுவான். சிங்களவர் ஒருவர், அதிலும் அத்தபத்து மாதிரி ஒரு பெரிய ஆள், அதிலும் சும்மா கிடைத்திருக்கிறார்.

“உனக்குக் கடவுள் கண் திறந்திருக்கு பேர்ணடெற்,” என்றாள் நீரிழிவுக்கு மருந்து எடுக்க வரும் ஒரு கிழவி. “என்ர மகனைப் பிடிச்ச நேரம் எங்களுக்கு நாய் கூட எழும்பேல்லை.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேர்ணடெற்றும் சிரித்தாள்.

மாடி வீட்டில் றஸ்மியா இருந்தாள். அவள் நானா என்று கூப்பிடும் அண்ணனை அந்த ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். நெடுநாள் வைத்திருந்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டார்கள். அந்த மாதங்களில் மாடிப்படியில் றஸ்மியாவின் செருப்புச் சத்தம் கேட்டால் பேர்ணடெற் கதவைச் சாத்திக்கொள்வாள். கோயிலில் செத்தவர்களில் அவளுடன் படித்தவர்கள் இருந்தார்கள். பிறகு இரண்டு பேரும் தண்ணீர் மோட்டருக்காகவும் குப்பை வண்டிக்காகவும் கதைத்தார்கள். அதற்கு மேல் இல்லை.

இப்போது றஸ்மியாவாகவே இறங்கி வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள்.

“லோயர் ஆரு புடிச்சித் தந்த?”

பேர்ணடெற் சொன்னாள்.

“எங்கட நானாக்கும் மொதல் லோயர ஒருத்தர் புடிச்சித்தான் தந்த. பள்ளிவாசல் ஆள். நல்ல மனிசர். லோயரும் நல்ல கெட்டிக்காரர்.” றஸ்மியா கைப்பிடிச் சுவரிலிருந்த காய்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். “அவர் நானாக்காகப் பேசல்ல. புடிச்சித் தந்தவருக்குப் பிரச்சினை வராமப் பேசின. அது வெளங்க எங்களுக்குக் கன காலம் போச்சி.”

“கிளெமென்ற் அண்ணை அப்பிடி இல்லை. பிள்ளைக்கு ஞானத்தகப்பன்.”

“நான் அவரப் பத்தி ஒண்டும் சொல்லல்ல,” என்றாள் றஸ்மியா. “நிஹ்லாண்டு ஒரு பொம்புள லோயர் வெள்ளவத்தையில ஈக்கிறா. நானாவ வெளிய எடுத்த அவதான். போய்க் கதச்சிப் பாருங்க. கதக்கிறதுக்கு என்ன?”

நிஹ்லாவின் அலுவலகம் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு புடைவைக்கடைக்கு மேலே இருந்தது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நாற்பது வயது மதிக்கலாம். தலையில் முக்காடு, மேசையில் பாதி சாப்பிட்ட ரோல்ஸ். பேர்ணடெற் கொன்ரெய்னரிலிருந்து தொடங்கினாள். நிஹ்லா கையை உயர்த்தி நிறுத்தி, அதைப் பிறகு பார்ப்போம், இப்போது கோட்டில் நீதவான் முன்னால் எழும்புகிறவர் யார், அவரைப் போட்டது யார் என்று கேட்டாள்.

பேர்ணடெற் எல்லாம் சொன்னாள். தவறு என்ற வசனத்தையும் சொன்னாள். நிஹ்லா அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சிங்களத்திலேயே, அவர் சொன்ன மாதிரியே. பேர்ணடெற் சொன்னாள். ரயில் ஒன்று போய் முடியும்வரை நிஹ்லா அதைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“உங்கட மிஸ்டர் கையெழுத்துப் போட்டது தனக்காகவா, கொம்பனிக்காகவா?”

“கொம்பனிக்காக. எப்பவும் கொம்பனிக்காகத்தான்.”

“அத அவர் கோட்டில சொன்னா அடுத்த கேள்வி ஆரிட்டப் போகும்?”

பேர்ணடெற்றின் கழுத்து சூடானது.

“அவர் பெரிய லோயர்தான். அவர எனக்குத் தெரியும்,” என்றாள் நிஹ்லா. “ஆனா உங்கட ஆளுக்கு லோயர் இல்ல. உங்கட ஆள் வாயத் திறக்காம இருக்கிறதுக்கு லோயர். இப்பிடியே நாலு தவணை போனா, கொன்ரெய்னர எடுத்தது தனியாள், கொம்பனிக்கு ஒண்டும் தெரியாது எண்டு ஆகிடும். பிறகு ஆர் எழும்பினாலும் கஷ்டம். இந்தக் கேஸுக்கு என்ன தண்டனை எண்டு தெரியும்தானே?”

தெரியும். தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள். ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நிஹ்லா பிறகு சாதாரணமாகப் பேசினாள். லோயரை மாற்றுவது பெரிய காரியமில்லை. அடுத்த தவணையில் தானும் எழும்புவாள். இரண்டு பேர் எழும்பினால் நீதவான் சந்தேகநபரைத்தான் கேட்பார். அவன் யாரைக் காட்டுகிறானோ அவர்தான். அதற்கு முன் சிறையில் போய் அவனைப் பார்த்துப் பேசுவாள். ஒரேயொரு நிபந்தனை. தவணை நாள் வரைக்கும் இது வெளியே போகக்கூடாது. கிளெமென்ற்றுக்குக் கட்டாயம் போகக்கூடாது.

“மகள் இப்ப எங்க?” என்று கடைசியில் கேட்டாள்.

பேர்ணடெற் சொன்னாள். நிஹ்லா பேனையை மேசையில் வைத்தாள்.

“இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்க.”

கிளெமென்ற்றின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். கடற்காற்றில் உப்பு இருந்தது. பேர்ணடெற் நடந்தபடியே சொல்லவேண்டியதைத் தயார் செய்தாள். பிள்ளை இல்லாமல் வீடு வெறுமையாக இருக்கிறது, தனியே படுக்கப் பயமாக இருக்கிறது. இரண்டும் உண்மை. உண்மையை மட்டும் சொல்லலாம்.

றஞ்சிதம் கதவைத் திறந்தாள். ஷாமிலா ரியூஷனுக்குப் போயிருந்தாள். கிளெமென்ற் பல்கனியில் உட்கார்ந்து மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார்.

“வெள்ளவத்தையில என்ன அலுவல்?” என்று றஞ்சிதம் கேட்டாள். தேத்தண்ணி வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, சும்மா கேட்ட கேள்வி.

பேர்ணடெற் வாயைத் திறந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். கழுத்திலிருந்து சூடு காது வரைக்கும் ஏறியது. கிளெமென்ற் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. கோட்டில், எல்லோருக்கும் முன்னால், இந்த மனிதர் பிடித்த லோயரை வேண்டாம் என்று சொல்வது. அதை அவர் அங்கே வைத்துத்தான் அறிந்துகொள்வது. மெழுகுதிரி பிடித்த மனிதர். மாற்றுவதென்றால் மாற்றலாம், ஆனால் சொல்லிவிட்டு மாற்றவேண்டும். எதையும் சொல்லிவிட்டுத்தானே செய்திருக்கிறார்கள்.

அவள் சொல்லிவிட்டாள். நிஹ்லாவின் பெயரையும் சொன்னாள்.

கிளெமென்ற் கோபப்படவில்லை. மாம்பழத் துண்டுகளைத் தட்டில் பரப்பி அவள் முன்னால் வைத்தார்.

“நல்லது. நீங்கள் விரும்பின ஆளைப் போடுங்கோ. என்னட்டச் சொன்னீங்களே, அது போதும்.”

பேர்ணடெற்றுக்கு அழுகை வந்தது. அண்ணை குறை நினைக்கக்கூடாது என்றாள். அவர் தலையை அசைத்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன் என்றபோதும் தலையை அசைத்தார். பிறகு, நாளைக்கும் மறுநாளும் கணித வகுப்பு இருக்கிறதே என்று றஞ்சிதம் சொன்னாள். கிளெமென்ற் கடலைப் பார்த்தபடி, தவணை இந்தக் கிழமைதானே, அதுவரைக்கும் இருக்கட்டும் என்றார்.

“நானே கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன். தகப்பனைப் பாக்கட்டும் பிள்ளை. அவனுக்கும் ஆறுதலா இருக்கும்.”

மறுப்பதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. மாம்பழம் இனிப்பாக இருந்தது. அவள் பஸ் ஏறியபோது மனம் இலேசாகியிருந்தது. நிஹ்லாவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். சொல்லியிருந்தால் நிஹ்லா ஏசியிருப்பாள். தவணை நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

நிஹ்லா சிறைக்குப் போய்க் கொன்ஸ்ரன்ரைனைக் கண்டாள். அன்று மாலை தொலைபேசியில் அவளுடைய குரல் தெம்பாக இருந்தது. அவன் முதலில் தயங்கினான், பிறகு அழுதான், பிறகு எல்லாம் சொன்னான். எந்தக் கையெழுத்தை யார் போடச் சொன்னது, எந்த நாளில், எந்த மேசையில் என்று. தவணையில் நிஹ்லாவையே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

புதுக்கடையில் அன்று நல்ல சனம். பேர்ணடெற் நேரத்தோடு போய் முன்வாங்கில் உட்கார்ந்தாள். நிஹ்லா கறுப்புக் கோட்டோடு சட்டத்தரணிகளின் மேசையில் இருந்தாள். அவளுக்கு எதிரே அத்தபத்து, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கிளெமென்ற்றைக் காணவில்லை. வராமல் விட்டாலும் பரவாயில்லை என்று பேர்ணடெற் எண்ணினாள்.

கொன்ஸ்ரன்ரைனைக் கூண்டில் ஏற்றினார்கள். இலக்கம் வாசித்தார்கள். அத்தபத்து எழும்பினார். நிஹ்லாவும் எழும்பினாள். நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சந்தேகநபருக்காக ஆஜராவது யார் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கூண்டைப் பார்த்து அதைத் தமிழில் சொன்னார்.

கொன்ஸ்ரன்ரைன் கையை உயர்த்தத் தொடங்கினான். அவன் கை நிஹ்லாவின் பக்கம் போனதைப் பேர்ணடெற் கண்டாள். அதன்பின் அவன் பார்வை அவளைத் தாண்டி மண்டபத்தின் வாசலுக்குப் போனது. கை பாதியில் நின்றது.

அவள் திரும்பினாள்.

கிளெமென்ற் அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். ஷாமிலா அவருடன் வந்தாள். இளநீலத்தில் ஒரு புதுச் சட்டை போட்டிருந்தாள். தலையை வேறு விதமாகப் பின்னியிருந்தார்கள். பின்வாங்கில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். கிளெமென்ற் வாங்கின் சாய்மானத்தில், பிள்ளையின் தோளுக்குப் பின்னால், கையை நீட்டிப் போட்டுக்கொண்டார். கூண்டைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். கோயிலில் காணும்போது அசைப்பது போலத்தான். ஷாமிலா தகப்பனுக்குக் கை காட்டினாள்.

நீதவான் இரண்டாந்தரம் கேட்டார்.

கொன்ஸ்ரன்ரைன் அத்தபத்துவைக் காட்டினான்.

நிஹ்லா தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தபத்து இந்த முறை இரண்டு வசனம் சொன்னார். அடுத்த தவணை குறித்தார்கள். கூண்டிலிருந்து இறங்கும்போது கொன்ஸ்ரன்ரைன் மனைவியைப் பார்க்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் நிஹ்லா அவளிடம் வந்தாள். ஏசவில்லை. சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள். பேர்ணடெற் ஓம் என்றாள். அடுத்த தவணையிலும் மாற்றலாம், ஆனால் பிள்ளை உங்களிடம் இருக்கிறாள் என்று கொன்ஸ்ரன்ரைன் கண்ணால் காணவேண்டும் என்றாள் நிஹ்லா.

கிளெமென்ற் படிக்கட்டடியில் நின்றார். வானின் கதவு திறந்திருந்தது. பேர்ணடெற் நேரே போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நான் கூட்டிக்கொண்டு போறன்.”

“புத்தகமெல்லாம் அங்கதானே,” என்றார்.

“பரவாயில்லை.”

“சோதனைக்கு இன்னும்—”

“வேண்டாம் அண்ணை.”

அந்தச் சொல்லை அவருக்கு அவள் முன்னொருபோதும் சொன்னதில்லை. ஷாமிலா தாயைத் திரும்பிப் பார்த்தாள். கிளெமென்ற் சிரித்தார். வானின் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

“சரி தங்கச்சி. புத்தகத்தை அனுப்பிவிடுறன். கொன்ஸ்ரன்ரைனைப் பற்றி யோசிக்க வேண்டாம். உள்ளுக்க எங்கட ஆக்கள் இருக்கினம். பாத்துக்கொள்ளுவினம்.”

இருவரும் ஒரு முச்சக்கர வண்டியில் ஏறினார்கள். ஆமர் வீதியில் நெரிசலில் நின்றபோது, கிளெமென்ற் பெரியப்பாவோடு கோபமா என்று ஷாமிலா கேட்டாள். பேர்ணடெற் அவளுடைய மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். தோலில் அடையாளம் விழுந்திருந்தது.

புத்தகங்கள் மறுநாள் வந்தன. மகளைக் கொட்டாஞ்சேனையிலேயே வேறொரு கணித வகுப்பில் சேர்த்தாள். இளநீலச் சட்டையை அவள் தோய்த்து மடித்து வைத்தாள்.

சிறையில் பார்க்க அனுமதிக்கும் நாளில் இரண்டு பேரும் போனார்கள். சோறு, மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் விடியவே சமைத்திருந்தாள். சாப்பாடு வாங்குகிற மேசையில் பார்சலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்று காட்டச் சொன்னார்கள். எல்லோருக்கும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் சாப்பாட்டைக் கொண்டுவந்தவர் முதலில் தின்ன வேண்டும். பேர்ணடெற் சோற்றைத் தின்றாள், குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள், பருப்பு, பொரியல். காவலர் அவள் தொண்டை அசைவதைப் பார்த்துவிட்டுப் பார்சலை உள்ளே தள்ளினார்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் சனம் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் கத்தினார்கள். கொன்ஸ்ரன்ரைன் வருவது தெரிந்தது. அவனுக்கு அரையடி பின்னால் இன்னொருவன் வந்தான். துப்புரவான சேர்ட், நன்றாக வாரிய தலை. கைதி மாதிரியே இல்லை. அவனுடைய கையில் அவள் கொண்டுவந்த பார்சல் இருந்தது. பிரித்திருந்தது.

கொன்ஸ்ரன்ரைன் மகளைக் கண்டான். முகம் ஒருதரம் தளர்ந்தது.

“ஷாமிலா உன்னோடயா?”

“ஓம். வீட்டில. இனி எங்கயும் விடமாட்டன்.”

அவன் எதையோ சொல்ல வந்து, பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான்.

“இவர் எனக்கு நல்ல உதவி,” என்றான். சத்தத்தில் அவன் வாயசைவைத்தான் அவள் படிக்கவேண்டியிருந்தது. “படுக்க இடமெல்லாம் இவர்தான் எடுத்துத் தந்தவர். கிளெமென்ற் அண்ணை சொல்லிவைச்சது.”

மற்றவன் அவளுக்குத் தலையசைத்தான். ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“அத்தபத்து மஹத்தயாவே இருக்கட்டும் பேர்ணடெற்,” என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

அவள் கம்பி வலையில் விரல்களைக் கோர்த்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. அடித்ததா, நித்திரை இல்லாததா என்று சொல்ல முடியவில்லை. இருக்கட்டும் என்று அவளும் சொன்னால் இந்தப் படுக்க இடம் இருக்கும், இந்தச் சாப்பாடு பாதியாவது அவனுக்குப் போகும். தவணைகள் போகும். கடைசித் தவணையும் ஒருநாள் வரும்.

“இல்லை,” என்றாள். “நிஹ்லாதான் எழும்புவா. நீங்கள் அவவைத்தான் காட்டவேணும்.”

பக்கத்தில் நின்றவனும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். மெதுவாகச் சொல்ல அங்கே வழியில்லை. கொன்ஸ்ரன்ரைன் ஷாமிலாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். நேரம் முடிந்தது என்று காவலர் தடியால் கம்பியில் தட்டினார்.

கொன்ஸ்ரன்ரைன் திரும்பி நடந்தான். மற்றவன் உடனே போகவில்லை. வலைக்குக் கிட்ட வந்து, விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கைலேஞ்சியில் துடைத்தபடி ஷாமிலாவைப் பார்த்தான். நல்ல தமிழில், அன்பாகக் கேட்டான்.

“தங்கச்சி, கணித வகுப்புக்கு இப்ப எங்க போறீங்க?”

பேர்ணடெற் மகளின் கையை இறுக்கினாள். ஆனால் யாராவது ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க ஷாமிலாவை யாரும் பழக்கியிருக்கவில்லை. அவள் கம்பிக்குக் கிட்டக் குனிந்து, சத்தத்துக்குள்ளும் அவனுக்குக் கேட்கவேண்டுமென்று, கொட்டாஞ்சேனையில் அந்த வகுப்பு நடக்கும் ஒழுங்கையின் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.